3சி-யின் சம்மதம்

ஜூன் 8, ஞாயிறு

அருணோதயா அபார்ட்மெண்ட்ஸ் குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அவசரம் செயலாளரான எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. இருபத்துநான்கு வீட்டில் ஏழு பேர் வந்தார்கள். அதிலும் இருவர் போண்டாவைத் தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன், வேறென்ன.

விஷயம் இதுதான். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லை இளிக்கிறது. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு முறை இறங்கி ஏறினால் அன்று முழுக்க என் முழங்காலுக்கு வேறு வேலை இல்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித்தர ஒரு பில்டர் முன்வந்திருக்கிறார். இரண்டரை வருடம் ஆகுமாம். அதுவரை நாம் வெளியே இருக்க வேண்டும். வாடகையை அவரே உரிமையாளர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அத்தனை உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு போய் எல்லோருடைய கருத்தையும் கேட்டுவர வேண்டும். யார் போவது என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பில்டர் அலுவலகத்திலிருந்து மோனிஷா என்ற பெண் வந்திருந்தாள். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. அந்த வயது அப்படி.

"அங்கிள், கதவைத் தட்டி சர்வே எடுக்கறதெல்லாம் நாங்க விட்டுட்டோம். யாரும் திறக்க மாட்டாங்க, திறந்தாலும் மனசுல இருக்கறத சொல்ல மாட்டாங்க. உங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப் இருக்கில்ல? அதுல இத்தனை வருஷமா பேசினதையும், ஒவ்வொரு வீட்டைப் பத்தின விவரத்தையும் குடுங்க. எங்க ஏஐ ஒவ்வொரு ஆளையும் செஞ்சிடும். அந்த ஆள்கிட்ட நாம கேள்வி கேக்கலாம். நிஜ ஆள் என்ன சொல்வாரோ அதையே சொல்லும்."

"ஆளே இல்லாம ஆளோட கருத்தா?" என்றேன்.

"ஆமா அங்கிள். டிஜிட்டல் ரெசிடெண்ட்."

யோசித்துப் பார்த்தால் தவறாகத் தெரியவில்லை. தொலைந்துபோன சரக்குக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களை ரயில்வேயில் விசாரித்தே ரிட்டயர் ஆனவன் நான். மனிதனை நேரில் கேட்டால் உண்மை வரும் என்ற நம்பிக்கை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மாடிப்படி ஏறுகிற வேலையும் மிச்சம்.

காபி கொண்டுவந்த என் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த குரூப்ல நான் இல்லையே" என்றாள் மோனிஷாவிடம்.

"வீட்டுக்கு ஒரு நம்பர்தானே? அதான் நான் இருக்கேனே" என்றேன் நான்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மோனிஷா கேட்ட விவரங்களை நிரப்பி அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எங்கே வேலை, யாருக்கு என்ன குணம் என்பதெல்லாம் செயலாளருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் கொஞ்சம் நின்றேன். உரிமையாளர் பெயர் கேட்டிருந்தது. பத்திரத்தில் இருப்பது என் மனைவி மனோரஞ்சிதத்தின் பெயர். அந்தக் காலத்தில் என் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, அவள் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைந்தது. ஆகவே பத்திரம் அவள் பெயரில். வாசலில் பலகை என் பெயரில். இதுவரை யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

மனோவின் விவரங்கள்: வயது 63. தொழில், இல்லத்தரசி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று போட்டிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. அனுப்பியாகிவிட்டது. குணம் என்ற இடத்தில் "அமைதியானவர். கணவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை" என்று எழுதினேன். உள்ளது உள்ளபடி.

மாலையில் பெங்களூருவிலிருந்து நிர்மல் பேசினான். ஒரே பிள்ளை. இரண்டரை வருடத்துக்கு என் ஏற்பாட்டைச் சொன்னேன். அவன் அம்மா பெங்களூரு போய் அவர்களோடு இருப்பாள், பேரன் ஆதவைப் பார்த்துக்கொள்வாள். நான் இங்கேயே பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிக் கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பேன். பில்டரை நம்பி விட்டுவிட முடியாது. நிர்மலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆதவுக்கு மூன்று வயது. கிரெச்சில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது அவனுக்கும் மருமகள் ஷர்மிளாவுக்கும் பெரிய பாடாக இருக்கிறதாம்.

ஆதவ் பிறந்தபோது மனோ அங்கே ஏழு மாதம் இருந்தாள். அந்த ஊர்க் குளிர் அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. ஒரு புகார் சொன்னதில்லை. திரும்பி வந்தபின் இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் தூங்கினாள். பயணக் களைப்பு.

ஏற்பாட்டை மனோவிடமும் சொன்னேன். "ம்" என்றாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மனோ ரோசியோடு போனில் வெகுநேரம் பேச்சு. ரோசி, எக்ஸ்சேஞ்சில் இவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவள். புருஷன் போய்ச் சில வருடம் ஆகிறது. வாடகை, அட்வான்ஸ், மாடி போர்ஷன் என்று காதில் விழுந்தது. பாவம், இந்த வயதில் ரோசி வீடு மாறுகிறாள் போலும்.

ஜூன் 20, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. இருபத்துநான்கில் இருபத்திரண்டு பேர் சம்மதம். ஒரு மாடி ஏறாமல், ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், ஒருவருடைய புலம்பலையும் கேட்காமல் இருபத்துநான்கு பேருடைய கருத்து.

ஒவ்வொருவர் பேசுவதும் அச்சு அசலாக இருக்கிறது. 1பி சுபேதார் ஏகாம்பரம் கடைசி மூச்சு வரை எதிர்ப்பேன் என்கிறார். குரூப்பில் தண்ணீர் மோட்டார் முதல் தீபாவளி வசூல் வரை எல்லாவற்றையும் எதிர்க்கிற ஆள், வேறென்ன சொல்வார்? 2ஏ கிருஷ்ணவேணி டீச்சர், "எல்லோருக்கும் நல்லது என்றால் எனக்கும் மகிழ்ச்சியே" என்கிறார். தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுகிற அம்மாள். அதைத் தவிர குரூப்பில் வாய் திறந்ததில்லை.

3சி மனோரஞ்சிதம்: சம்மதம். "என் கணவர் எல்லாவற்றையும் யோசித்தே செய்வார். கட்டுமானக் காலத்தில் மகன் வீட்டில் பேரனுடன் இருப்பதைவிட எனக்கு வேறென்ன மகிழ்ச்சி?"

படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. ஒளிப்பானேன்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த ஆட்களிடம் நானே மேற்கொண்டு கேள்வி கேட்கலாம் என்று மோனிஷா என் லேப்டாப்பில் வழி செய்து கொடுத்திருக்கிறாள். தட்டச்சு செய்தால் பதில் வருகிறது. ஒவ்வொரு வீடாகப் போனேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

2எஃப்-ல் ரங்கபாஷ்யம் பதில் சொன்னபோது திடுக்கிட்டேன். ரங்கன் போய் நாலு வருடம் ஆகிறது. மனைவி மகளோடு சேலத்தில் இருக்கிறார். குரூப்பிலிருந்து அவன் நம்பரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை; அதனால் அவனையும் செய்துவிட்டது. "லிஃப்ட் வரட்டும், சபா. ஆனால் மொட்டை மாடியில் ரெண்டு நாற்காலி போட இடம் விடச் சொல்" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கட்டடத்தில் என்னைச் சபாநாயகம் என்று முழுப் பெயர் சொல்லாமல், சார் என்றும் கூப்பிடாமல், சபா என்று கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஏகாம்பரம் சண்டை போட அப்படிக் கூப்பிடுவார். ரங்கன் சும்மாவே கூப்பிடுவான்.

மோனிஷாவுக்குத் தகவல் சொன்னேன். "ஸாரி அங்கிள், உடனே எடுத்துடறேன்" என்றாள். இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று சொல்ல நினைத்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? எடுத்துவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

கரண்ட் பில் கட்டினேன். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். மதியம் வேலை இல்லாததால் 3சி-யிடம் கொஞ்சம் பேசினேன். அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"இரண்டரை வருடம் நிர்மல் வீட்டில் இருக்க உனக்கு உண்மையில் சம்மதமா?"

"நிச்சயமாக. பேரனின் வளர்ச்சியை அருகிலிருந்து பார்ப்பது ஒரு பாக்கியம்."

"சென்ற முறை அங்கே சிரமம் ஏதும் இருந்ததா?"

"குடும்பத்துக்காகச் செய்வது சிரமம் ஆகாது."

பிறகு எதற்கென்று தெரியாமல் இதையும் கேட்டேன். "என் மேல் உனக்கு ஏதாவது வருத்தம் உண்டா?"

"நீண்ட திருமண வாழ்வில் சிறுசிறு வருத்தங்கள் இயல்பு. ஆனால் நீங்கள் எப்போதும் குடும்ப நலனையே நினைத்தீர்கள்."

நல்ல பதில். மனோவுக்கு இவ்வளவு அழகாகப் பேச வரும் என்று நினைத்ததில்லை. அப்போது அவள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாளாம். என் காதில் விழவில்லை.

ஜூன் 25, புதன்

மனோ மதியம் பரங்கிமலை போய்விட்டு இருட்டும் நேரத்தில் வந்தாள். ரோசிக்கு வீடு பார்க்கத் துணைக்குப் போனாளாம். செருப்பைக் கழற்றும்போது ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று கையெழுத்து வாங்கும் படலம் ஆரம்பம். கருத்து எப்படி வேண்டுமானாலும் வரலாம். கையெழுத்தை மட்டும் நிஜ ஆள்தான் போட வேண்டும் என்று பில்டருடைய வக்கீல் சொல்லிவிட்டார். மாடிப்படியிலிருந்து தப்ப வழியில்லை.

முதலில் ஏகாம்பரம் வீடு. கடைசி மூச்சு வரை எதிர்ப்பவர் இல்லையா, முதலிலேயே திட்டு வாங்கி முடித்துவிடலாம் என்று போனேன். மனுஷர் பேனாவோடு தயாராக இருந்தார். மைசூர்பாகு வேறு கொடுத்தார்.

"குரூப்புல அவ்வளவு எதிர்ப்பீங்களே?"

"அது பொழுதுபோக்குய்யா, சபா. கட்டடம் இடிஞ்சு தலையில விழறதுக்கும் பொழுதுபோக்குக்கும் வித்தியாசம் இல்லையா?"

அடுத்து ரோஜாப்பூ டீச்சர். உட்காரச் சொன்னார். பிறகு பரீட்சை நடத்தினார். எந்தக் கம்பெனிக் கம்பி, கட்டி முடிக்காமல் ஓடிப்போனால் யார் பொறுப்பு, வாடகை எத்தனாம் தேதி வரும், பழைய ஜன்னல் கம்பிகளை விற்கிற காசு யாருக்கு? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்த பின் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

கிளம்பும்போது, "உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"அவளுக்குச் சம்மதம்தான்."

"கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன். பொய் இல்லை.

ஜூலை 10, வியாழன்

டீச்சர் உட்படக் கிட்டத்தட்ட எல்லோரும் போட்டுவிட்டார்கள். சேலத்திலிருந்து ரங்கன் மனைவியின் கையெழுத்தும் தபாலில் வந்துவிட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். நம் வீடுதானே, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நிர்மல் பேசினான். மாதக் கடைசியோடு ஆதவை நிறுத்திக்கொள்கிறோம் என்று கிரெச்சில் சொல்லிவிட்டானாம். "அம்மாவ ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிக்குள்ள அனுப்பிடுங்கப்பா" என்றான்.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலை டிபன் முடிந்ததும் பில்டர் கொடுத்த சம்மதப் பத்திரத்தை மனோ முன் வைத்தேன். "இதுல உன் கையெழுத்து வேணும்."

"என் கையெழுத்து எதுக்கு?"

"வீடு உன் பேர்லதானே இருக்கு."

"ஓ, இருக்கா?" என்றாள்.

கிண்டல் என்று புரிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்துக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கருத்து கேக்கணும்னு சொன்னீங்களே. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டாச்சும்மா. சம்மதம்னு வந்திருக்கு."

"யார்கிட்டேர்ந்து வந்திருக்கு?"

லேப்டாப்பைத் திறந்து 3சி-யைக் காட்டினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம் என்று ஏகாம்பரம் பிறகு சொன்னார். மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் தட்டச்சு செய்த கேள்விகளும் அதில்தான் இருந்தன என்பது அவள் பாதி படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இந்தக் கேள்வியெல்லாம் நீங்க கேட்டதா?"

"ஆமா. சும்மா, சரியா வருதான்னு பாக்க."

"உனக்கு வருத்தம் உண்டான்னு கேட்டிருக்கீங்க."

"ம்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதக் கேட்டதில்ல. இப்பதான் கேக்கணும்னு தோணியிருக்கு. அதையும் இவகிட்ட போய்க் கேட்டிருக்கீங்க." திரையை விரலால் தொட்டாள். "அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

"அடுப்படியில."

கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். விசாரணையில் கோபப்படுகிறவர்களைச் சுலபமாகச் சமாளிக்கலாம்.

"இவ நல்லாத்தான் பேசறா, உங்கள மாதிரியே" என்று சொல்லிவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனாள். பத்திரம் மேசையிலேயே கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஊறுகாய் ஜாடியை வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. காபியும் வேளைக்கு வருகிறது. கையெழுத்து மட்டும் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

இருபத்துமூன்று வீடும் முடிந்தது. பாக்கி செயலாளர் வீடு. பில்டர் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பாராம். கீழே நான்கு பேர் இருக்கும்போது ஏகாம்பரம், "என்ன சபா, ஆளுங்கட்சியிலயே கூட்டணி உடைஞ்சிருச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அவமானம் மட்டும் இல்லை. அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். சம்மதம் என்று சொன்னாலும் பயமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மோனிஷாவுக்குப் போன் செய்து, 3சி-யின் பதில் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ஆன்ட்டி குரூப்லயே இல்லையே அங்கிள். அதனால நீங்க எழுதிக்குடுத்ததையும், அந்த வீட்டு நம்பர்லேர்ந்து வந்த மெசேஜையும் வச்சு எடுத்திருக்கும்."

அந்த வீட்டு நம்பர் என்னுடையது.

ஜூலை 19, சனி

காலையில் மனோவிடம், "சரி, இப்ப கேக்கறேன். சொல்லு" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எல்லார் வீட்டுக்கும் எப்படிப் போனீங்க?"

"எப்படின்னா? போய் பெல் அடிச்சேன்."

"நம்ம வீட்டுக்கும் அப்படியே வாங்க."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, மோனிஷாவின் சர்வே கேள்வித் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டு வாசலில், என் பெயர் போட்ட பலகைக்கு எதிரே நின்று பெல் அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் பால் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, "சாவி மறந்துட்டீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

உடனே திறக்கவில்லை. திறந்தபோது புடவை மாற்றியிருந்தாள்.

"வாங்க சார். உக்காருங்க."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். இழப்பீட்டு விசாரணையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். அப்படியே எழுதினேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"பெயர்?"

"மனோரஞ்சிதம்."

"தொழில்?"

"டெலிபோன் டிபார்ட்மெண்ட். சீனியர் சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனேன்."

ஆபரேட்டர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டடத்தை இடித்துக் கட்டச் சம்மதமா?"

"சம்மதம். நாளைக்கே இடிச்சாலும் சம்மதம்."

பேனா நின்றுவிட்டது. "அப்புறம் ஏன் இத்தனை நாள்..."

"அந்தக் கேள்வி இருக்கா அதுல?"

"இல்ல. காரணம்னு இருக்கு."

"சமையல்கட்டுல ஜன்னல் இல்ல. வந்த அன்னிக்கே சொன்னேன். புதுசுல ஒரு ஜன்னல் வேணும். எழுதிக்கோங்க."

எழுதினேன்.

"கட்டுமானக் காலத்தில் எங்கே வசிப்பீர்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பரங்கிமலையில. ரோசியும் நானும் மாடி போர்ஷன் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். வாடகைய பில்டர் ஓனருக்குத்தானே தருவார்? நான்தான் ஓனர்."

"பேரன்?"

"பேரன் மேல உசிரு. மாசம் ஒரு தடவ போய் ரெண்டு நாள் இருந்து கொஞ்சிட்டு வருவேன். ஆனா பாத்துக்க போக மாட்டேன். போன தடவ ஏழு மாசம். குழந்தை, சமையல், துணி. ராத்திரி பகல் தெரியல. முதுகு ஒடிஞ்சுபோச்சு. உங்களால முடியுதாம்மான்னு நிர்மல் ஒரு நாள் கேக்கல, ஷர்மிளாவும் கேக்கல. நீங்க தினம் போன் பண்ணி ஆதவ் எப்படி இருக்கான்னு கேட்டீங்க. நான் எப்படி இருக்கேன்னு கேக்கல. நீங்க கேப்பீங்கன்னு நானும் பாத்துட்டே இருந்தேன்."

இதையும் எழுதினேன்.

"நான் எங்க இருக்கறது?" என்றேன்.

"அது உங்க வீட்டு ஓனர்கிட்ட கேக்கற கேள்வியா, என்கிட்ட கேக்கற கேள்வியா?"

சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

"மேற்பார்வை பாக்க ரூம் எடுக்கப் போறேன்னு நிர்மல்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? என்னை அங்க அனுப்பிட்டு நீங்க இங்க தனியா இருக்கறதா முடிவு பண்ணினப்ப உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமா தெரியல. இப்ப என்ன?"

கடைசியாக, தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்க வாயெடுத்தேன். வருத்தம் பற்றியது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது அவகிட்ட கேட்ட கேள்வி, அவ பதில் சொல்லிட்டா. என்கிட்ட கேக்கணும்னா இப்படி அஞ்சு நிமிஷத்துல ஆகாது. நல்லா நேரம் எடுத்துட்டு வாங்க. பரங்கிமலைக்கு வாங்க."

பத்திரத்தை இழுத்து, படிக்க வேண்டிய இடங்களையெல்லாம் படித்துவிட்டு, ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. பெரிய அதிகாரி கையெழுத்து மாதிரி இருந்தது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். "வேற வீடு பாக்கி இருக்கா சார்?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

பில்டரிடம் பத்திரம் கொடுத்தாயிற்று. எல்லோரும் எனக்கு மாலை போட்டார்கள். மனோ வரவில்லை; பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கென்று இரண்டு தட்டும் ஒரு டம்ளரும் தனியே எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 21, திங்கள்

நிர்மலுக்கு நானே போன் செய்தேன். அம்மா வரமாட்டாள் என்பதை எப்படிச் சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தையை அவள் சார்பில் நான் சொன்னது இதுவே முதல் முறை.

"இஷ்டமில்லையா? அம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"ஆமா. நான் நேர்ல கேட்டேன்."

மறுமுனையில் ஷர்மிளாவோடு ஏதோ பேச்சு. பிறகு நிர்மல் வந்தான். கிரெச்சில் அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருடம்தான் இடம் கிடைக்குமாம்.

"அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்றான்.

கட்டட மேற்பார்வை என்று ஆரம்பித்தேன். "அதுக்கு ஏகாம்பரம் அங்கிள் இருக்காரேப்பா" என்று முடித்துவிட்டான். பேசியது முழுவதும் மனோவின் காதில் விழுந்திருக்கும். பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பது உண்மை.

ஆகஸ்ட் 2, சனி

பெங்களூரு. ஆதவுக்குத் தோசை வட்டமாக இருக்க வேண்டும். வட்டமாக வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆதவுக்குச் சளி. இரண்டு நாளாகத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன். முழங்கால் தனியே அழுகிறது. நடுவில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துணி காய்ந்தபாடில்லை. இந்த ஊர்க் குளிர் மனோவுக்கு ஒத்துக்கொண்டது என்று எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மாலையில் அவளுக்குப் போன் செய்தேன். ரோசியோடு கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆதவ் எப்படி இருக்கான் என்று கேட்டாள். பிறகு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வந்தவன், சொல்லாமல் இருந்தேன். அவள் வைத்துவிடவில்லை. பின்னால் ரோசி ஆட்டோ வந்துவிட்டது என்று கூப்பிட்டாள். "போகட்டும், அடுத்த ஆட்டோவுல போலாம்" என்று மனோ அவளுக்குச் சொன்னது கேட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

வரும் வெள்ளிக்கிழமை சென்னைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். சனி, ஞாயிறு ஷர்மிளாவுக்கு விடுமுறை. மனோவிடம் சொன்னபோது, திங்கட்கிழமையும் இருக்கிற மாதிரி வரச்சொன்னாள். இரண்டு நாளில் முடிகிற விஷயம் இல்லையாம்.

இன்று காலை நிர்மல் ஆபீஸ் கிளம்பும்போது வாசல்வரை போனேன். இடுப்பில் ஆதவ். வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, உங்களுக்கு இங்க சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். வந்ததிலிருந்து முதல் முறையாகக் கேட்கிறான்.

"சிரமமாத்தாண்டா இருக்கு" என்றேன்.

அதற்குள் அவன் ஹெல்மெட்டை மாட்டியிருந்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.